இருவர் மட்டுமே இருக்கும் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் வைப்பவர்கள் உண்டா?

லிங்கராஜபுரம் டீச்சர் (டிசம்பர் 8)

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 67 வயது, என் கணவருக்கு 72. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் 1987 முதல் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவர் இங்கே ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் தமிழாசிரியையாக இருந்தேன். மகள் டொரண்டோவில், மகன் மெல்பர்னில். மகள் புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மகன் ஜூலையில்தான் வந்து போனான். ஆகவே இந்தக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் இருவர்தான். பிள்ளைகள் மீது எந்த மனத்தாங்கலும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கேட்க வந்தது வேறு.

பரணில் மூன்று அட்டைப் பெட்டிகள் இருக்கின்றன. 1984-இல், திருமணமான மூன்றாம் ஆண்டு, சிவாஜிநகரில் ஆரோக்கிய அன்னை ஆலயத்துக்கு அருகே வாங்கிய குடில் சுரூபங்கள் (சிறு சிலைகள்) அவை. மொத்தம் 19. ஒட்டகத்தின் முன்னங்கால் இரண்டு முறை உடைந்து எம்-சீல் போட்டு ஒட்டியிருக்கிறோம். ஓர் இடையனுக்கு மூக்கு இல்லை. குழந்தை இயேசுவை மட்டும் அந்தப் பெட்டிகளில் வைப்பதில்லை. ஒரு பழைய ஆர்லிக்ஸ் பாட்டிலில், என் கணவரின் கைக்குட்டையில் சுற்றி, என் அலமாரியில் புடவைகளுக்குப் பின்னால் வைத்திருப்பேன். அதை 24-ஆம் தேதி நள்ளிரவுக்கு முன் யாரும் எடுக்கக் கூடாது. வீட்டில் யார் இளையவரோ அவர்தான் அதைத் தொட்டிலில் வைக்க வேண்டும் என்பது தூத்துக்குடியில் என் மாமியார் வீட்டு வழக்கம். மகன், பிறகு பேத்தி, சென்ற ஆண்டு தங்கை மகள் என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு பிள்ளை இருந்தது. இந்த ஆண்டு இல்லை.

நட்சத்திரம் அவருடைய வேலை. கடையில் வாங்கி மாட்டியதே கிடையாது. மூங்கில் தப்பைகளைச் சீவி, ஐந்தைந்தாக இரண்டு நட்சத்திரம் கட்டி, நடுவே ஐந்து குறுக்குக் குச்சிகள் கொடுத்து உப்பலாக்கி, கண்ணாடித்தாள் ஒட்டி, உள்ளே பல்பு வைப்பார். இரண்டு ஆண்டுகளாக அவருக்குக் கைநடுக்கம். சட்டைப் பொத்தான் போடவே நேரமாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை, "இந்த ஆண்டு எதற்கு இதெல்லாம், யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சொல்லிவிட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார். நானும் சரி என்றேன். அன்று மாலை பால்கனியில் துணி எடுக்கப் போனால், மூலையில் நிறுத்தி வைத்திருந்த மூங்கில் தப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை மடித்து வைத்துவிட்டார்.

அதைப் பார்த்த பிறகு எனக்கு மனது கேட்கவில்லை. முழுவதையும் செய்ய உடம்பில் தெம்பு இல்லை, ஒன்றுமே செய்யாமல் விடவும் முடியவில்லை. உங்களில் இருவராக இருப்பவர்கள் எதை வைத்துக்கொண்டீர்கள், எதை விட்டீர்கள்? மூன்று கிலோ மைதாவில் கிறிஸ்துமஸ் பலகாரமான கல்கல் செய்து பழகிய கைக்குச் சிறிய அளவு தெரியவில்லை, அதையும் சொல்லுங்கள். நள்ளிரவுத் திருப்பலிக்குப் போய்விட்டு இந்தக் குளிரில் ஒரு மணிக்கு ஆட்டோவுக்கு நிற்பதும் இனி இயலாது. குழந்தை இயேசுவை யார் வைப்பது என்று கேட்பது சிறுபிள்ளைத்தனமாகத் தெரியலாம். எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

---

தங்கவயல் மகன் (டிசம்பர் 8)

அம்மா, பிள்ளை நிலையில் இருந்து எழுதுகிறேன். நான் வைட்ஃபீல்டில் வேலை பார்க்கிறேன். பெற்றோர் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில்தான் இன்றும் இருக்கிறார்கள். அப்பா மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன அங்குள்ள தங்கச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலை போனது, நான் அப்போது எட்டாம் வகுப்பு. அந்த ஆண்டு டிசம்பரில் வீட்டில் காசே இல்லை. அம்மா பலகாரம் சுடவில்லை, எங்களுக்குப் புதுத்துணி இல்லை. குடில் மட்டும் இருந்தது. அப்பா எப்போதோ கொண்டுவந்து வைத்திருந்த வெள்ளைக் கற்களை அடுக்கிக் குகை செய்தார். இரவில் மெழுகுவர்த்தி வெளிச்சம் பட்டால் அந்தக் கற்களில் சில இடங்கள் மினுங்கும். அது பொன் என்று நானும் தம்பியும் நம்பினோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடுப்புக் கிடைக்காமல் நான் போக முடியவில்லை. "நாங்கள் இருவர்தானே, ஒன்றும் வைக்கவில்லை" என்று அம்மா தொலைபேசியில் சொன்னார். 25-ஆம் தேதி வீடியோவில் பேசும்போது அவர் பின்னால், தையல் மெஷின் மேல், அதே கற்கள் இருந்தன. எனக்காக வைத்ததில்லை. நான் பார்ப்பேன் என்றே அவர் நினைக்கவில்லை. அவர்கள் இருவருக்கும் அது வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். உங்கள் வீட்டு ஐயா தப்பைகளைத் துடைத்தாரே, அதுவும் அப்படித்தான் என்று எனக்குப் படுகிறது.

19 சுரூபங்களையும் இறக்க வேண்டியதில்லை, அம்மா. 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலில் இருந்தது ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. அவ்வளவே. மாதாவையும் சூசையப்பரையும் மாட்டையும் கழுதையையும் எடுங்கள். அந்த ஒட்டகத்தையும் எடுங்கள், பாவம்.

குடிலில் பசும்புல்லாக வைக்கக் கேழ்வரகு மட்டும் 11 அல்லது 12-ஆம் தேதியே விதைத்துவிடுங்கள். ஓர் இரவு ஊறவைத்து, தட்டில் ஈரமண் பரப்பி நெருக்கமாகத் தூவி, இரண்டு நாள் ஈரத்துணி போட்டு மூடுங்கள். முளை தெரிந்ததும் துணியை எடுத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். டிசம்பர் குளிரில் நம் பக்கம் முளைப்பு மெதுவாகத்தான் இருக்கும்.

---

ஓய்வுபெற்ற செவிலி, குக் டவுன் (டிசம்பர் 9)

நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன், டீச்சர் பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்களும் இருவர்தான். நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடிலை முழுவதுமாக ஒரு சிறுவர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டோம். டிசம்பர் முழுவதும் முதுகுவலியோடு வேலை செய்து, பண்டிகை அன்று சிடுசிடுவென்று இருந்தது போதும் என்று தோன்றியது. இப்போது கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கு நான்கு மெழுகுவர்த்திகள், ஊதா மூன்று, ரோஜா நிறம் ஒன்று. ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றிச் செபமாலை சொல்கிறோம். குறையாகவே தெரியவில்லை. விட்டுவிடுவதும் ஒரு வழிதான் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆனால் நீங்கள் வைப்பதென்று முடிவு செய்தால் ஒன்றைக் கட்டளையாகவே சொல்கிறேன்: பரண் மீது நீங்கள் இருவரும் ஏறக் கூடாது. ஸ்டூலும் வேண்டாம், நாற்காலியும் வேண்டாம். எழுபது வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்தவர்களை 36 ஆண்டுகள் வார்டில் பார்த்திருக்கிறேன். நன்றாக நடந்து கொண்டிருந்தவர்கள் பலர் பிறகு பழையபடி நடக்கவே இல்லை. எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு இறக்கச் சொல்லுங்கள்.

திருப்பலிக்கு நள்ளிரவுதான் என்று இல்லை. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்குத் திருவிழிப்பு, இரவு, விடியல், பகல் என்று நான்கு திருப்பலிகள் உண்டு. 24 மாலைத் திருவிழிப்புத் திருப்பலி உங்கள் பங்கு ஆலயத்திலோ பக்கத்துப் பங்கு ஆலயத்திலோ எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எட்டரைக்கு வீட்டுக்கு வந்து சூடாக ரசம் சாப்பிடலாம்.

---

மல்லேஸ்வரம் மாமி (டிசம்பர் 9)

நாங்கள் கொலு வைக்கும் வீடு. ஒன்பது படி ஏழாகி, ஐந்தாகி, இப்போது மூன்று. முதல் ஆண்டு குறைத்தபோது, பெட்டியிலேயே விட்டுவந்த பொம்மைகளை நினைத்து இரவெல்லாம் தூக்கம் இல்லை. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். ஆண்டுக்கு ஒரு பெட்டி என்று முறை வைத்துவிட்டேன். இந்த ஆண்டு தசாவதாரம் வெளியே வந்தால் அடுத்த ஆண்டு கல்யாண செட். மரப்பாச்சி இரண்டும் மட்டும் எல்லா ஆண்டும் வரும். உங்கள் இடையர்களுக்கும் அப்படி முறை வைத்துவிடலாம், டீச்சர்.

மூடி வைக்கும்போது செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மை ஒட்டிக்கொள்ளும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துச் சுற்றுங்கள்.

கல்கல் விஷயத்தில் எனக்கு உரிமையோடு ஒரு விண்ணப்பம் உண்டு. எங்கள் தெருவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம், 22 ஆண்டுகளாக 25-ஆம் தேதி காலையில் எங்களுக்கென்று முட்டை சேர்க்காமல் தனியாகச் செய்து, குரோஷா துணி போட்டு மூடிய தட்டில் அனுப்புவார்கள். அந்த அம்மாள் சொன்ன கணக்கு இது: கால் கிலோ மைதா, 50 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், சிட்டிகை உப்பு, கெட்டித் தேங்காய்ப்பால் பிசையும் அளவுக்கு, ஏறக்குறைய அரை டம்ளர். ஒரு மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வைத்துவிட்டு, நெல்லிக்காய் அளவு உருண்டைகளை முள்கரண்டியின் முதுகில் அழுத்திச் சுருட்ட வேண்டும். மிதமான தீயில் பொரிக்க வேண்டும். நான்கு வீட்டுத் தட்டுக்கு வரும். சுருட்டுவது உட்கார்ந்து செய்கிற வேலை. மாமாவையும் உட்கார வையுங்கள். நடுக்கம் இருந்தாலும் அழுத்திச் சுருட்டலாம், கொஞ்சம் கோணினால் என்ன?

---

ஃபிரேசர் டவுன் வாசகர் (டிசம்பர் 10)

நட்சத்திரத்துக்கு மட்டும்: பழைய குண்டு பல்பு வேண்டாம், 5 வாட் எல்.இ.டி. போதும். தாளைச் சுடாது. முடிச்சுப் போட முடியாவிட்டால் நூலுக்குப் பதிலாகச் சைக்கிள் ட்யூபை மெல்லிய வளையங்களாக வெட்டி மாட்டிவிடலாம், முடிச்சே தேவையில்லை. ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குக் கண்ணாடித்தாள் வாங்கப் போவதாக இருந்தால் காலையிலேயே போய் வாருங்கள். 20-ஆம் தேதிக்கு மேல் அங்கே நடக்கவே இடம் இருக்காது.

---

லிங்கராஜபுரம் டீச்சர் (டிசம்பர் 20)

எழுதிய எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்கு மன்னியுங்கள், வேலை ஓடிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டுப் பையன் 11-ஆம் தேதி ஒரே ஒரு பெட்டியை இறக்கிக் கொடுத்தான். செவிலி அம்மா, நான் ஸ்டூலைத் தொடவே இல்லை. மாதா, சூசையப்பர், மாடு, கழுதை, மூக்கில்லாத இடையன், ஒட்டகம், ஆக ஆறு. தொலைக்காட்சி இருந்த மேசையை ஒழித்து அங்கே வைத்திருக்கிறோம். உட்கார்ந்தால் கண்மட்டத்துக்கு வருகிறது. இத்தனை ஆண்டுகள் தரையில் வைத்து, குனிந்து குனிந்துதான் பார்த்தோம். சூசையப்பர் அங்கியின் விளிம்பில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று ஓடுகிறது. 1984-இல் வாங்கியது, இப்போதுதான் பார்க்கிறேன்.

செவிலி அம்மா, நீங்கள் உங்கள் குடிலைக் கொடுத்துவிட்டதைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். நல்ல காரியம் என்றார். சற்று நேரம் கழித்து, "நாம் போன பிறகு கொடுக்கலாம்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நட்சத்திரத்துக்கு நான்கு மாலைகள் ஆயின. ட்யூப் வளையம் நல்ல யோசனைதான், ஆனால் அவர் ஒப்பவில்லை, நூல்தான் வேண்டும் என்றார். அவர் இரண்டு தப்பைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ள, நான் கட்டினேன். அவர் கை நடுங்கும்போது தப்பையும் நடுங்கும், நூல் நழுவும். பிறகு அவர் முழங்கையை மேசையில் ஊன்றச் சொன்னேன், நடுக்கம் பாதியாகக் குறைந்தது. எட்டு சுற்று சுற்றி, கடைசிச் சுற்றை உள்ளே விட்டு இழு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் கட்டியதைப் பார்த்துக்கொண்டு மாவு பிசைந்திருக்கிறேன், அந்த முடிச்சு இப்படித்தான் என்று எனக்குத் தெரியாமலேயே இருந்திருக்கிறது. சிவப்புத் தாள். ஒரு முனை கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. நேற்று விளக்குப் போட்டோம். கீழ்வீட்டுக் கன்னடக்கார அம்மாள் படியேறி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

கேழ்வரகு இரண்டு விரற்கடை வந்திருக்கிறது. தங்கவயல் தம்பி, நீங்கள் சொன்னது போல மூன்று நாள் ஒன்றுமே தெரியாமல் இருந்து, நான்காம் நாள் காலையில் தட்டு முழுவதும் பச்சை. கல்கல் 23-ஆம் தேதி. மாமி, உங்கள் கணக்குப்படி முட்டை இல்லாமலே செய்கிறேன், எங்கள் கீழ்வீட்டிலும் முட்டை சாப்பிட மாட்டார்கள். 24 மாலைத் திருப்பலிக்கு ஆட்டோ சொல்லி வைத்தாயிற்று.

நள்ளிரவுக்கு விழித்திருக்கப் போகிறோம். அப்போது மெல்பர்னில் காலை 5.30, டொரண்டோவில் 24 மதியம் 1.30. இருவரும் வீடியோவில் வருகிறார்கள். பேத்தி தொலைபேசியிலேயே குழந்தை இயேசுவை வைக்கட்டும், நான் அவளுக்காகக் கையைப் பிடித்து வைக்கிறேன் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒப்பவில்லை. வீட்டில் இருப்பவர்களில் இளையவர் என்பதுதான் அம்மா சொன்ன வழக்கம், கணக்குப் பார் என்றார். அவருக்கு 72, எனக்கு 67.

ஆர்லிக்ஸ் பாட்டிலை அலமாரியின் முன்பக்கத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் திறக்கவில்லை.