ஸ்கேன் முடிந்த பிறகுதான் செலவு ஆரம்பித்தது: மின்னூலகம் காப்பவர்களின் அனுபவங்கள்

ஒரு கல்லூரி நூலகத்தில் நூலகராக இருக்கிறேன். 2013-இல் பழைய தமிழ் நூல்கள் ஆயிரத்தை ஸ்கேன் செய்ய ஒரு மானியம் கிடைத்தது. ஸ்கேனர், ஆள் கூலி, ஹார்ட் டிஸ்க் என்று மூன்றே வரியில் கணக்குப் போட்டுக் கொடுத்தோம். இரண்டு வருடத்தில் வேலை முடிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

2019-இல் ஒரு ஆய்வு மாணவி அதில் ஒரு நூலைக் கேட்டு வந்தாள். டிஸ்கைச் செருகினால் டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது. இரண்டாவது பிரதி அதே பீரோவில் இருந்தது. அதே நாளில் வாங்கிய அதே ரக டிஸ்க். அதிலும் பல கோப்புகள் திறக்கவில்லை. கடைசியில் 140 நூல்கள் போயின. சிலவற்றைத் தையல் பிரித்துத்தான் ஸ்கேன் செய்திருந்தோம், காகிதம் அப்போதே உதிர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றது இன்னும் மனதில் இருக்கிறது.

அதன் பிறகுதான் நீண்ட காலக் கணக்கைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். டெமி என்கிற வழக்கமான நூல் அளவில் ஒரு பக்கத்தை 400 டிபிஐ (அங்குலத்துக்கு 400 புள்ளி) வண்ணத்தில், சுருக்காத டிஃப் படக் கோப்பாக வைத்தால் ஏறக்குறைய 22 எம்பி. 200 பக்க நூல் நாலரை ஜிபி. ஆயிரம் நூலுக்கு நாலரை டிபி, மூன்று பிரதி வைத்தால் பதின்மூன்றரை டிபி. இது சுலபமான பகுதி.

இந்த டிஸ்குகளை எத்தனை தடவை மாற்ற வேண்டியிருக்கும்? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஒரே தடவை பணம் வாங்கிக்கொண்டு என்றென்றைக்கும் காப்பது என்று ஒரு கணக்கு முறை வகுத்தார்கள். சேமிப்பின் விலை ஆண்டுக்கு 20 சதவீதம் குறைகிறது, நான்கு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 100 ரூபாய், அடுத்த முறை 41, அப்புறம் 17. எத்தனை காலம் கூட்டினாலும் 170-ஐத் தாண்டாது. படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஆனால் 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தில் தொழிற்சாலைகள் மூழ்கி டிஸ்க் விலை எகிறியது நினைவிருக்கும். விலை ஆண்டுக்கு 5 சதவீதம்தான் குறையும் என்று போட்டுப் பார்த்தேன். அதே 100 ரூபாய் 539 ஆகிறது. ஒரே ஒரு ஊகம் மாறியதும் மூன்று மடங்குக்கு மேல் போய்விட்டது. அன்றிலிருந்து ஒற்றை எண்ணாக நான் மதிப்பீடு கொடுப்பதில்லை. குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று இரண்டாகவே எழுதுகிறேன்.

எனக்கு அதிகம் உதவியது பிரிட்டிஷ் நூலகமும் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜும் சேர்ந்து 2005-இல் தொடங்கிய 'லைஃப்' திட்டம். ஒரு மின்பொருளின் ஆயுட்காலச் செலவை அதில் ஆறாகப் பிரிக்கிறார்கள்: உருவாக்குவது அல்லது வாங்குவது, சேகரிப்பில் சேர்ப்பது, சரிபார்த்து உள்ளே ஏற்றுவது, பிட்டுகள் (கோப்பில் இருக்கும் 0, 1 எண்கள்) கெடாமல் காப்பது, உள்ளடக்கம் எப்போதும் திறந்து படிக்கும்படி பார்த்துக்கொள்வது, வாசகருக்குக் கொடுப்பது. எங்கள் பழைய மானியக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் கட்டத்தில் மட்டும் தொகை இருந்தது. நான்காவதற்கு இரண்டு டிஸ்க். மற்ற நான்கும் காலி.

உங்கள் இடங்களில் எப்படி நடந்தது? எழுதுங்கள்.

* * *

அக்கா, எப்போதும் திறந்து படிக்கும்படி பார்த்துக்கொள்ளும் அந்த ஐந்தாவது கட்டம்தான் எங்களைப் படுத்தியது. எங்கள் ஆவணக்காப்பகத்தில் 9,000 பதிவுகள் கொண்ட நூற்பட்டியல் முழுக்கப் பாமினி எழுத்துருவில் தட்டியது. அது யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழைக் காட்டும். கணினியை மாற்றியபோது எழுத்துருவை ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை. 'தமிழ்' என்று இருந்த இடத்தில் நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் நின்றன. கோப்பில் ஒரு பிட்கூடக் கெடவில்லை, ஆனாலும் படிக்க முடியவில்லை.

யூனிகோடுக்கு மாற்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நடுவில் ஆங்கிலத் தலைப்புகளும் பதிப்பகப் பெயர்களும் கலந்திருந்தன. அவற்றையும் அது தமிழாக நினைத்து மாற்றிவிட்டது. கையால் சரிபார்க்க ஒருவருக்கு நாளைக்கு 60 பதிவு முடிந்தது. ஆக 150 வேலை நாள். சில பதிவுகள் டிஸ்கி (TSCII) என்ற இன்னொரு பழைய தமிழ்க் குறிமுறையில் இருந்தன, அது தனி வேலை. டிஸ்கிலும் மென்பொருளிலும் ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை. ஐந்து மாதத்துக்கு மேல் ஒரு ஆளின் சம்பளம் அதற்கே போனது. தமிழில் சேகரிப்பு வைத்திருப்பவர்கள் இந்தக் குறிமுறை மாற்றத்தைக் கணக்கில் தனி வரியாகவே போடுங்கள்.

* * *

நான் ஒரு பத்திரிகை அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் இருந்தேன். எல்டிஓ என்கிற காந்த நாடா டேப்பில் வைத்தால் முப்பது வருடம் நிற்கும் என்று சொல்லி 2012-இல் அதன் ஐந்தாம் தலைமுறையான எல்டிஓ-5 வாங்கினார்கள். டேப் நின்றது. டிரைவ் போய்விட்டது. புதிதாக எல்டிஓ-8 டிரைவ் வாங்கிய பிறகுதான், அது எட்டையும் ஏழையும் மட்டுமே படிக்கும் என்று தெரிந்தது. ஐந்தையும் படிக்கும் பழைய ஆறாம் தலைமுறை டிரைவ் ஒன்றை வெளியில் வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் நகல் எடுத்தோம். ஆகவே சார், மேடம், டேப்பின் ஆயுளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், டிரைவின் ஆயுளை வைத்துப் போடுங்கள்.

* * *

ஆய்வுக்காக லண்டனில் இருந்தேன். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது இணையத் தாக்குதல் நடந்தது. தமிழ்நாட்டில் ஸ்கேன் செய்து அங்கே சேர்ந்திருந்த ஓலைச்சுவடிப் படங்களைப் பல மாதங்கள் பார்க்க முடியவில்லை. மின்சேகரிப்புகளின் பிரதிகள் எல்லாம் பத்திரமாக இருந்ததாக நூலகமே பிறகு தன் அறிக்கையில் சொன்னது. ஆனால் அவற்றைத் திரும்ப ஏற்ற உருப்படியான கட்டமைப்பு இல்லை. பிரதி வைக்கும் செலவு வேறு, மீட்டெடுக்கும் செலவு வேறு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

* * *

எல்லோருக்கும் நன்றி. பாமினி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் பட்டியலிலும் பழைய எழுத்துரு இருக்கிறது, நாளைக்கே திறந்து பார்க்கிறேன்.

இப்போது புதிய மதிப்பீடு தயாரிக்கிறேன். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு ஊரில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்சம் (கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டும் சோதனை எண்) ஓட்டிச் சரிபார்க்க ஒருவருக்கு மூன்று நாள். வருடத்துக்கு ஒரு தடவை ஏதாவது 20 நூல்களை காப்புப் பிரதியிலிருந்து மீட்டுத் திறந்து பார்க்க இரண்டு நாள். கணக்குப் பிரிவில், "ஸ்கேன் முடிந்த நூலுக்கு எதற்கு மேடம் வருடா வருடம் ஆள்?" என்று கேட்டார்கள். அந்த 140 நூல்களின் பட்டியலை அச்செடுத்துக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். அடுத்த மாதம் கமிட்டி கூடுகிறது. இந்த ஆள்-நாள் கணக்கை உங்களில் யாராவது ஏற்கனவே போட்டு ஒப்புதல் வாங்கியிருந்தால், எத்தனை நாள் போட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். என்னுடையது குறைவாக இருக்குமோ என்று தோன்றுகிறது.