டெனர் கிட்டாருக்கு எந்தச் சுருதி, எந்தக் கம்பி?

கேள்வி (தங்கச்சிமடம்)

வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் மைத்துனர் விடுமுறைக்கு வந்தபோது நான்கு கம்பிகள் கொண்ட டெனர் கிட்டார் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். கோயில் பாடகர் குழுவில் ஆறு கம்பி கிட்டார் வாசித்துப் பழகிய எனக்கு இதில் கை ஓடவில்லை. கழுத்து முனையில் கம்பிகள் அமரும் நட்டிலிருந்து, உடலில் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வரை 23 அங்குலம் இருக்கிறது. உடன் வந்த கம்பிகள் துருவேறியிருந்தன. ஆகவே கடைக்காரர் கொடுத்த 12 செட்டின் (மிக மெல்லிய முதல் கம்பி அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு தடிமன்) முதல் நான்கு கம்பிகளை மாட்டி, தடித்த கம்பியிலிருந்து சி, ஜி, டி, ஏ என்று ஏற்றினேன். ஏ-வை எட்டுவதற்குள் முதல் கம்பி அறுந்து புறங்கையில் கோடு போட்டுவிட்டது. எந்தச் சுருதிக்கு எந்தத் தடிமன் வாங்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (ராமநாதபுரம்)

தம்பி, தடிமனால்தான் அறுந்தது என்று எண்ண வேண்டாம். தடிமன் கூடினால் இழுவிசை கூடும். அதைத் தாங்கும் வலுவும் அதே அளவில் கூடும். 23 அங்குலத்தில் 440 ஹெர்ட்ஸ் ஏ என்பதே எஃகுக் கம்பியின் எல்லைக்கு அருகில்தான் இருக்கிறது. முறுக்காணியிலோ பிரிட்ஜிலோ சிறு பிசிறு இருந்தாலும் போதும், அறுந்துவிடும். தடித்த கம்பியின் கேடு வேறு. அந்த ஏ-வில் 10 தடிமன் கம்பி ஏறத்தாழ 23 பவுண்டு இழுக்கும், 12 தடிமன் கம்பி 34 பவுண்டு இழுக்கும். விரலுக்கும் வேதனை, பழைய கழுத்துக்கும் ஆபத்து.

உங்கள் கடைக்காரர் கொடுத்த கம்பியில் குற்றமில்லை. நீங்கள் ஏற்றிய சுருதிக்கு அது பொருந்தவில்லை. அதே நான்கையும் டி, ஜி, பி, ஈ என்று வைத்தால் ஒவ்வொன்றும் 19 முதல் 25 பவுண்டுக்குள் நிற்கும். அதைச் சிகாகோ சுருதி என்பார்கள். ஆறு கம்பி கிட்டாரின் கீழ்ச்சுருதிக் கம்பிகள் இரண்டையும் நீக்கினால் மிஞ்சுவது அதுதான் என்பதால், தெரிந்த கார்டுகளை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை) அப்படியே பிடிக்கலாம்.

ஆனாலும் என் விருப்பம் சி, ஜி, டி, ஏ-தான். 1920-களில் டெனர் பாஞ்சோ வாசித்தவர்கள் விரல் பழக்கத்தை மாற்றாமலே கிட்டாருக்கு வர உதவிய சுருதி அது. ஒவ்வொரு கம்பிக்கும் அடுத்த கம்பி பஞ்சமமாக அமைவதால், கார்டுகள் அகலமாக விரிந்து ஒலிக்கும்; சிகாகோ சுருதியில் அந்தக் குரல் கிடைக்காது. இதற்கென்று தனி செட் தேடி அலைய வேண்டாம். எக்ஸ்ட்ரா லைட் எனப்படும் 10 செட்டில் பொதுவாக முதல் நான்கும் 10, 14, 23, 30 என்றிருக்கும். அவை இதற்குப் போதும்.

பதில் (கீழக்கரை)

வயலினுக்கு ஒரு ஸ்தாயி கீழே ஜி, டி, ஏ, ஈ வைக்கும் ஐரிஷ் சுருதியும் உண்டு. அதற்காக இருக்கும் கம்பிகளைத் தளர்த்தினால் அவை ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டையில்) அடித்து இரையும். 42, 30, 20, 12 என்ற அளவில் வாங்க வேண்டும்; 42 உட்காரும்படி நட்டின் பள்ளத்தை அராவ வேண்டியும் வரலாம். அதைக் கை பழகியவரிடம் விடுங்கள், ஒருமுறை ஆழமாகிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டியதுதான்.

உப்புக்காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! நம் கரையில் பூச்சில்லாத பாஸ்பர் பிரான்ஸ் கம்பி சீக்கிரமே மங்கி, ஓசை செத்துவிடுகிறது. விலை கூடுதலானாலும் பூச்சிட்ட செட் வாங்குங்கள். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியைக் கம்பிக்கு அடியிலும் நுழைத்துத் துடையுங்கள். துருவுக்குப் பயந்து என் நண்பர் ஒருவர் வலைக்கடையில் தங்கூசி (மீன்பிடி நைலான் இழை) வாங்கிக் கட்டினார். துரு வரவில்லை, ஓசையும் வரவில்லை. எஃகுக் கம்பியின் இழுப்புக்காகச் செய்த பலகை அதற்கு அசைந்து கொடுக்கவில்லை.

கேட்டவர் (தங்கச்சிமடம்)

ஐயா இருவருக்கும் நன்றி. அறுந்ததற்குப் பதிலாக ஒரு 12 கம்பி வாங்கி, டி, ஜி, பி, ஈ வைத்து ஞாயிறு பூசையில் வாசித்துவிட்டேன். பூச்சிட்ட 10 செட்டுக்குச் சொல்லியிருக்கிறேன்.

பதில் (மண்டபம்)

அந்த 10 செட் வந்ததும் ஒன்று செய்து பாருங்கள். சி, ஜி, டி, ஏ வைத்தபின் டி-யை சி-க்கும் ஏ-வை ஜி-க்கும் இறக்கினால், நம் கர்நாடக வயலினைப் போல ச, ப, ச, ப கிடைக்கும். ஒரு முழுச்சுரம்தான் இறங்குகிறது என்பதால் கம்பி தொய்யாது. ஒரு கட்டையில் (சி-யை ச-வாகக் கொண்டு) பாடுபவருக்கு அப்படியே துணை நிற்கும். இரண்டு கட்டை என்றால் இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) போட்டுக்கொள்ளலாம்.