புதுப்பிப்பு: ஆட்டம் கண்ட தேக்கு நாற்காலிகள் சரியாகிவிட்டன

அப்புச்சி வீட்டுத் தேக்கு நாற்காலிகள் நான்கும் ஆடுகின்றன, பாலிஷ் பிசுபிசுக்கிறது, என்ன செய்யலாம் என்று ஆனியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

ஆணி அடிக்கச் சொன்னதை நல்லவேளை கேட்கவில்லை. கைகொடுத்தது, பசை காயும்வரை சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டும் யோசனைதான். மூட்டுகளைக் கழற்றினால், உள்ளே பழைய வச்சிரப் பசை கண்ணாடிச் சில்லு மாதிரி பொரிந்து கிடந்தது. வெறும் மரம் தெரியும்வரை உளியால் சுரண்டினேன். பழைய பசை மேலேயே பூசினால் புதுப் பசை பிடிக்காது. பிறகு ஃபெவிகால் வைத்து, டியூபை நீளவாக்கில் கீறி இறுக்கிச் சுற்றி, ஒரு நாள் முழுக்க விட்டேன். இப்போது எங்கள் மாமா உட்கார்ந்தும் ஒரு கிறீச் இல்லை!

அப்புறம் 120, 220 உப்புத்தாள், மர ரேகை போகும் திசையிலேயே. அரக்கு பாலிஷ் ஐந்து கை (பூச்சு).

எதிர்பாராதது ஒன்று. பொள்ளாச்சியில் ஆடிச் சாரல் அடித்த நாளில் கடைசிக் கை பூசியதால், பாலிஷ் வெள்ளை பூத்துவிட்டது. காற்றில் இருந்த ஈரம்தான் காரணம். வெயில் வந்த நாளில், ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் ஒரே தடவை ஓட்டியதும் மறைந்தது. அழுத்தித் தேய்த்தால் பாலிஷே கரைந்துவிடும், ஜாக்கிரதை.

இருக்கையில் பிய்ந்த பிரம்பு இன்னும் பாக்கி. இப்போதைக்குப் பழைய பவானி ஜமக்காளத்தை மடித்துப் போட்டிருக்கிறேன்.