உதவி: பாகப் பத்திரத்தில் இருக்கும் முனுசாமியும் நேட்டால் கப்பல் பட்டியல் முனுசாமியும் ஒரே ஆளா?

ஆற்றுமணல்:
வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தாத்தாவின் அப்பாவுக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். "கோவித்துக்கொண்டு கப்பல் ஏறிப் போனவர்" என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எந்த ஊருக்கு என்று கேட்டால் பெரியப்பா ரங்கூன் என்பார், அத்தை மோரீசு என்பார்.

போன மாதம் டர்பனிலிருந்து ஒரு பெரியவர் தொடர்புகொண்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர், தமிழ் பேச வராது. அவருடைய கொள்ளுத்தாத்தா முனுசாமி, ஒப்பந்தக் கூலியாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர். கப்பல் பட்டியலில் அவருக்கான வரியைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். கப்பல் உம்லாசி, 1890களின் கடைசி. வயது 22. இடது முழங்காலில் தழும்பு. ஜில்லா வட ஆற்காடு. தாலுகா கட்டத்தில் மை ஊறிவிட்டது. கிராமம் 'மமண்டோர்' மாதிரி இருக்கிறது. அப்பா பெயர் 'வுர்தபன்' என்று வாசிக்கிறேன், அப்படி ஒரு பெயரே நான் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் பூர்வீகம் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே பாலாற்றைத் தாண்டி இருக்கும் மாமண்டூர். வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பாகப் பத்திரம். அதில் முனுசாமி என்ற பெயர் வருகிறது. ஆனால் பெயருக்கு முன்னால் ஏதோ கிறுக்கலாக ஓர் இனிஷியல் இருக்கிறது, கப்பல் பட்டியலில் அது இல்லை. தேதி 'சார்வரி, ஆடி' என்று மட்டும் படிக்க முடிகிறது. அண்ணன் மகன் கணக்குப் போட்டு 1960 என்கிறான். 1960 என்றால் இந்த முனுசாமி அந்த முனுசாமி இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

கணக்குப்பிள்ளை பேரன்:
அந்த இனிஷியலை அப்படியே பார்த்து எழுதிக் காட்ட முடியுமா? ஒரு சந்தேகம் இருக்கிறது. பத்திரத்தை முழுதாக இங்கே போடாதீர்கள், சர்வே நம்பர் எல்லாம் ஊருக்குத் தெரிய வேண்டாம். அந்த வரி போதும்.

ஆற்றுமணல்:
வரி இது: "என் தமையன் ௸ முனுசாமி தேசாந்தரம் போயிருக்கிறபடியால் அவன் பாகம் நீங்கலாக". அந்த முதல் எழுத்துதான் புரியவில்லை.

கணக்குப்பிள்ளை பேரன்:
நினைத்தது சரி. அது இனிஷியல் இல்லை, 'மேற்படி' என்பதற்கான குறி. பழைய கணக்கு எழுத்தில் ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி. எங்கள் தாத்தாவின் கணக்குச் சுவடிகளில் பக்கத்துக்குப் பத்து ௸ இருக்கும்.

உங்களுக்கு முக்கியமான விஷயம் அதில்தான் இருக்கிறது. மேற்படி முனுசாமி என்றால், அதற்கு மேலே எங்கோ அவருடைய பெயர் தகப்பன் பெயரோடு முழுதாக வந்திருக்க வேண்டும். தாளின் தொடக்கத்தைப் பாருங்கள். மடிப்பில் கிழிந்திருந்தாலும் பின்பக்கம் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள், மை தெரியும். தயவுசெய்து செல்லோ டேப் ஒட்டிவிடாதீர்கள். அது தாளைத் தின்றுவிடும்.

பழுப்புத்தாள்:
தேதிக்கு நான் வருகிறேன். சார்வரி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வருவது. 1840, 1900, 1960 மூன்றுமே சார்வரிதான். அதனால் உங்கள் அண்ணன் மகன் சொன்ன 1960 தப்புக் கணக்கு இல்லை, பாதிக் கணக்கு. எந்தச் சுற்று என்று சொல்ல இன்னொரு பிடி வேண்டும். இரண்டு இடத்தில் தேடுங்கள். ஒன்று, முத்திரைத்தாளில் யார் தலை இருக்கிறது? இரண்டு, பசலி எண், அதாவது நிலவரிக் கணக்கு வருஷத்தின் எண், எங்காவது எழுதியிருக்கிறதா? தமிழ் எண்களில் இருக்கலாம்.

ஆற்றுமணல்:
முத்திரையில் ஒரு பெண் தலை, கிரீடத்தோடு. பசலி என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ௲௩௱௰ என்று இருக்கிறது.

பழுப்புத்தாள்:
முடிந்தது வேலை. ௲ ஆயிரம், ௩௱ முந்நூறு, ௰ பத்து. பசலி 1310. பசலியோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில வருஷம் வரும்: 1900. பசலி ஜூலை 1இல் பிறக்கும், ஆடி ஜூலை நடுவில் பிறக்கும், ஆகவே சார்வரி ஆடியும் பசலி 1310ம் 1900இல் அழகாகப் பொருந்துகின்றன. கிரீடத் தலை விக்டோரியா. அவர் இறந்தது 1901 ஜனவரி. மூன்றும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். தமிழ் வருஷப் பெயரை வைத்துக் கணக்கிடும்போது, தை முதல் பங்குனி வரையுள்ள தேதி என்றால் ஆங்கில வருஷம் ஒன்று கூடிவிடும். பலர் அங்கேதான் கோட்டை விடுகிறார்கள், நானும் ஒருமுறை விட்டிருக்கிறேன்.

கப்பல்துறை:
தாமதமாக வருகிறேன். நேட்டால் பட்டியல்களில் சில வருஷமாக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் கப்பல் ட்ரூரோ, சென்னையிலிருந்து 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911இல் ஆள் அனுப்புவது நிற்கும்வரை மொத்தம் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். இதில் முனுசாமி எத்தனை பேர் இருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பெயரை வைத்துத் தேடவே தேடாதீர்கள்.

'வுர்தபன்' என்பது வரதப்பன். எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் போட்டிருக்கிறார். அங்கே கவுண்டர் கோவேந்தர் ஆனார், முதலியார் மூட்லி ஆனார், முனுசாமி மூன்சாமி ஆனார். எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாதி பெயர் பிடிபடும். வரதராஜப் பெருமாள் இருக்கும் காஞ்சிபுரத்தைச் சுற்றி வரதன், வரதப்பன் நிறைய. ஆனால் அதுவே சான்று ஆகாது.

உண்மையான சிக்கல் ஊர்தான். மாமண்டூர் என்று எனக்குத் தெரிந்தே மூன்று இருக்கின்றன. உங்களுடையது, தூசி மாமண்டூர், மகேந்திரவர்மன் குடைவரை இருக்கும் ஊர். இரண்டாவது செங்கல்பட்டு தாண்டி நெடுஞ்சாலையில் இருப்பது. மூன்றாவது திருப்பதிக்கு வடக்கே ரயில் நிலையத்தோடு இருப்பது, இன்று ஆந்திரம்.

ஆற்றுமணல்:
ஐயோ! டர்பன் பெரியவர் பன்னிரண்டு வருஷம் முன்னால் இந்தியா வந்தபோது அந்த நெடுஞ்சாலை மாமண்டூருக்குத்தான் போனாராம். இரண்டு நாள் வீடு வீடாக விசாரித்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்.

ஆந்திர மாமண்டூரை ஜில்லாவை வைத்தே தள்ளிவிடலாம் இல்லையா?

கப்பல்துறை:
முடியாது. செங்கல்பட்டு மாமண்டூரை வேண்டுமானால் தள்ளலாம், அது வேறு ஜில்லா. 1890களின் வட ஆற்காட்டை இன்றைய வரைபடத்தில் தேடக்கூடாது. சித்தூர், சந்திரகிரி, பலமனேர் எல்லாம் அதில்தான் இருந்தன, திருப்பதியும் சேர்த்து. சித்தூர் தனி ஜில்லாவாகப் பிரிந்தது 1911இல். அதே மாதிரி அந்தக் காலத் தாலுகா பட்டியலில் செய்யாறு என்ற பெயரையும் தேடாதீர்கள், கிடைக்காது. மை ஊறிய கட்டத்தில் ஆற்காடு, வந்தவாசி போன்ற சொல் இருக்க வாய்ப்பா, சந்திரகிரிக்கு வாய்ப்பா என்று எழுத்தின் நீளத்தை அளந்து பாருங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பெரியவர் உங்களுக்கு ஒரு வரியைத்தான் அனுப்பியிருக்கிறார். முழுப் பக்கத்தையும் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். சேர்ந்து வந்தவர்களுக்குப் பெரும்பாலும் அடுத்தடுத்த எண் விழும். 22 வயதுப் பையன் கோவித்துக்கொண்டு போனாலும் தனியாகப் போயிருக்க மாட்டான், பக்கத்துத் தெருக்காரன் ஒருவனாவது கூட இருப்பான். மேலே ஐந்து வரி, கீழே ஐந்து வரி படியுங்கள்.

மூன்றாம் தலைமுறை:
இடையில் ஒரு வார்த்தை. தழும்பைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். நாங்கள் மொரீசியசில் எங்கள் ஆளைத் தேடியபோது பட்டியலில் 'நெற்றியில் வடு' என்று இருந்தது. உடனே எங்கள் சித்திக்கு, சின்ன வயதில் கதவில் இடித்துக்கொண்ட தாத்தா ஒருவர் ஞாபகத்துக்கு வந்துவிட்டார். பிறகு பார்த்தால் அது வேறு ஆள். வயலில் வேலை செய்த யார் காலில் தழும்பு இல்லை? வயதும் அப்படித்தான், பார்த்து மதிப்பாகப் போடுவது. சாதிக் கட்டத்தையும் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். கப்பல் ஏற்றும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் வாயில் வந்ததைச் சொன்னவர்களும் உண்டு, வேண்டுமென்றே மாற்றிச் சொன்னவர்களும் உண்டு.

ஆற்றுமணல்:
தழும்பு விஷயத்தில் மாட்டிக்கொண்டேன். மாடு முட்டிய கதை ஒன்றை எங்கள் பாட்டி சொல்வார், அதைத்தான் அடுத்து எழுத இருந்தேன்.

நான்கு நாள் கழித்து வருகிறேன். இரண்டு செய்தி.

பத்திரத்தின் முதல் மடிப்பை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். 'மாமண்டூர் கிராமத்திலிருக்கும் வரதப்பன் குமாரர் முனுசாமி' வரை தெளிவாக இருக்கிறது. எங்கள் தாத்தாவின் பெயர் வரதன் ஏன் என்பதும் இப்போதுதான் புரிகிறது, பேரனுக்குப் பாட்டன் பெயர். ஒரு வம்சாவளியில் இவ்வளவு கண்ணுக்கு முன்னால் இருந்ததை எப்படி விட்டோம் என்று தெரியவில்லை.

பெரியவர் முழுப் பக்கமும் அனுப்பிவிட்டார். முனுசாமிக்கு இரண்டு எண் தள்ளி ஒருவர், வயது 24, ஜில்லா வட ஆற்காடு, தாலுகா ஆற்காடு. கிராமம் 'டூசீ' என்று இருக்கிறது. இப்படி ஓர் ஊர் ஆற்காட்டில் உண்டா?

கப்பல்துறை:
மறுபடியும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஆற்றுமணல்:
தூசி!! எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். பஸ் போர்டில் தினம் பார்க்கிற பெயர். சரி, நான் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

பழுப்புத்தாள்:
வாழ்த்துகள். குடித்துவிட்டு வந்ததும் ஒரு வேலை. பத்திரத்தின் பின்பக்கம் சார்பதிவாளர் முத்திரை இருந்தால், ஆவண எண், புத்தகம், தொகுதி, பக்கம் நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்து 'இல்லை' என்று வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், அவ்வளவு பழையது அதில் ஏறியிருக்காது. அலுவலகத்தில் பெயர் அட்டவணை தனி, சொத்து அட்டவணை தனி. பெயர் அட்டவணையில் வரதப்பனைத் தேடச் சொல்லி நகல் மனு கொடுங்கள். உங்கள் தாள் இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று தெரியாது, சான்றிட்ட நகல் ஒன்று கையில் இருக்கட்டும். அப்புறம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் கிராமத்தின் செட்டில்மென்ட் பதிவேட்டை, அதாவது நிலவரி நிர்ணயப் பதிவேட்டை, கேட்டுப் பாருங்கள். பட்டாதாரர் பட்டியலில் வரதப்பன் இருந்தால் மூன்றாவது சான்று கிடைத்துவிடும்.

ஆற்றுமணல்:
செய்கிறேன் ஐயா. ஒரு கேள்வி மட்டும் மனதை அரிக்கிறது. ஐந்து வருஷ ஒப்பந்தம் என்கிறார்கள். ஏன் திரும்பி வரவே இல்லை?

கப்பல்துறை:
அவர் மனதில் என்ன இருந்தது என்று பட்டியல் சொல்லாது. காலத்தை வேண்டுமானால் சொல்லலாம். 1895இல் நேட்டாலில் ஒரு சட்டம் போட்டார்கள். ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறு ஒப்பந்தம் எழுத வேண்டும், இரண்டும் இல்லையென்றால் வருஷத்துக்கு மூன்று பவுன் வரி. கூலிக்காரன் கையில் அது பெரிய பணம். கட்ட முடியாமல் மறுபடி மறுபடி ஒப்பந்தத்தில் விழுந்தவர்கள் பலர். 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1914இல்தான் அந்த வரி போனது. அதற்குள் அவருக்கு அங்கே குடும்பம், குழந்தைகள் எல்லாம் ஆகியிருக்கும். அவருடைய காலனி எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். திருமணம், பிள்ளைகள் பிறப்பு, முதலாளி மாறியது என்று எல்லாத் தாளிலும் அந்த எண்தான் கூடவே வரும். மூன்சாமி என்று தேடினால் கிடைக்காதது எண்ணைப் போட்டால் கிடைக்கும்.

மூன்றாம் தலைமுறை:
பெரியவரிடம் சொல்லிவிட்டீர்களா?

ஆற்றுமணல்:
நேற்று வீடியோவில் பேசினோம். அந்த வரியை நான் படிக்க, என் மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். 'தமையன்' என்ற சொல்லை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். தை மாதம் வருகிறாராம், இந்த முறை சரியான மாமண்டூருக்கு.

கணக்குப்பிள்ளை பேரன்:
மகிழ்ச்சி. ஒரு குறும்புக் கேள்வி, பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. பத்திரத்தில் 'அவன் பாகம் நீங்கலாக' என்று இருக்கிறதே, அந்தப் பாகம் இப்போது யாரிடம் இருக்கிறது?

ஆற்றுமணல்:
எங்களிடம்தான். ஏரிக்கரையை ஒட்டி ஒன்றரை ஏக்கர், பெரியப்பா பயிர் வைக்கிறார். மகள் அந்த வரியை மொழிபெயர்த்தபோது 'நீங்கலாக' வரைக்கும் போகாமல் நிறுத்திவிட்டாள். நானும் சொல்லவில்லை. தை மாதத்துக்குள் பெரியப்பாவிடம் முதலில் பேச வேண்டும்.