இருக்கும்போது சொல்லாததை இறந்த பிறகு ஏன் சொல்கிறோம்?

பழையபேனா:
போன வாரம் என் முதல் மேலதிகாரி இறந்துவிட்டார். நான் எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் "இது உன் அம்மாவுக்குப் புரியுமா?" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அப்போது எரிச்சலாக வரும், இன்று நான் சோறு தின்பதே அந்த சிவப்பு மையால்தான். இரங்கல் கூட்டத்தில் எல்லாருமாக ஒன்றரை மணி நேரம் அவரைப் புகழ்ந்தோம், நானும்தான். அதில் ஒரு வரியைக்கூட அவரிடம் நான் சொன்னதில்லை. இந்தக் கறுப்பு உடை, நாள் கணக்கு, செத்தவரைப் பற்றி நல்லது மட்டும் பேசுவது, இதெல்லாம் யார் ஆரம்பித்தது?

தூசிப்படலம்:
கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியும். இறந்தவரைக் குறை சொல்லாதே என்பது ஸ்பார்ட்டா என்ற பழைய கிரேக்க நகரத்து அறிஞர் கிலோன் சொன்னதாக ஒரு பழைய கிரேக்கக் குறிப்பு இருக்கிறது. ரோமர்கள் துக்கத்தில் டோகா என்ற தங்கள் மேலாடையைக் கருநிறத்தில் உடுத்தினார்கள். விக்டோரியா மகாராணி 1861-ல் கணவர் ஆல்பர்ட் இறந்ததிலிருந்து 1901-ல் தான் சாகும்வரை கறுப்பிலேயே இருந்தார், ஏற்கெனவே இருந்த கறுப்பு வழக்கம் அதைப் பார்த்து இன்னும் வலுத்தது. சீனாவில் பார்த்தால் வெள்ளை, பிரெஞ்சு ராணிகளும் ஒரு காலத்தில் வெள்ளைதான். நிறத்தில் என்ன இருக்கிறது, "இவர் துக்கத்தில் இருக்கிறார், கொஞ்சம் விட்டுப்பிடியுங்கள்" என்று பிறருக்குக் காட்டும் அடையாளம், அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.

ஓரப்பார்வை:
சடங்கு இறந்தவருக்கு என்று நினைத்தால்தான் அது போலியாகத் தெரியும். யூதர்கள் ஏழு நாள் வீட்டிலேயே உட்கார்ந்து துக்கம் காப்பார்கள். ஆறுதல் சொல்ல வருபவர், துக்கத்தில் இருப்பவர் முதலில் வாய் திறக்கும்வரை பேசக் கூடாது. பைபிளில் துன்பத்துக்கு மேல் துன்பம் படும் யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் ஒன்றுமே பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்த கதையோடு இதைச் சேர்த்துச் சொல்வார்கள். என் அப்பா போனபோது வந்தவர்களில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒருவரைத்தான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை வீண் என்று சொல்லாதீர்கள், அவர் வீட்டார் கேட்டிருப்பார்கள்.

நடுநிசி:
ஜப்பானில் நடிகை மிசுனோஎ தகிகோ 1993-ல் தனக்கே இறுதிச்சடங்கு நடத்திக்கொண்டார், நண்பர்கள் பேச அவரே உட்கார்ந்து கேட்டார். அதற்குப் பிறகு 16 வருஷம் வாழ்ந்தார்! நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். 2018-ல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிலரை நன்றிக் கடிதம் எழுத வைத்தார்கள். வாங்குபவருக்குச் சங்கடமாக இருக்குமே என்று எழுதியவர்கள் பயந்த அளவுக்கு வாங்கியவர்களுக்குச் சங்கடமே இல்லை, சந்தோஷம்தான் எதிர்பார்த்ததைவிட அதிகம். நம்மைத் தடுப்பது இந்தக் கூச்சம்தான்.

பழையபேனா:
எல்லாருக்கும் நன்றி. எனக்குத் தட்டச்சு சொல்லிக்கொடுத்தவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். நேற்று போன் போட்டு, உங்களால்தான் நான் இப்படி இருக்கிறேன் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஏம்பா, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டார்.