குமாரமங்கலம் ஜமீன்தார் தூதரானது எப்படி?

கேள்வி: திருச்செங்கோட்டுக்காரன்

அமெரிக்காவில் தேர்தல் செலவுக்குப் பெருந்தொகை கொடுத்த செல்வந்தர்கள் வெளிநாடுகளுக்குத் தூதர்களாக நியமிக்கப்படுவதைப் பற்றிப் படித்தபோது, எங்கள் ஊருக்கு அருகிலுள்ள குமாரமங்கலத்தின் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன் 1949 முதல் 1951 வரை இந்தோனேசியாவில் இந்தியத் தூதராக இருந்தது நினைவுக்கு வந்தது. அவரும் வெளியுறவுப் பணியில் படிப்படியாக உயர்ந்தவர் அல்லர். அது செல்வத்துக்குக் கிடைத்த பதவிதானா? ஊர்ப் பெரியவர்கள் ஜமீன் வீட்டுக் கதைகளைச் சொல்கிறார்களே தவிர, ஜகார்த்தாவைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

பதில்: ஈரோட்டு வாசகர்

ஐயா, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. அமெரிக்கச் செல்வந்தரும் பின்னாளைய அதிபர் ஜான் கென்னடியின் தந்தையுமான ஜோசப் கென்னடி 1932 அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட்டுக்குப் பணம் கொடுத்தும் திரட்டியும் உதவினார், 1934இல் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் ஆணையத்தின் முதல் தலைவரானார் (பங்கு வணிகத்தில் பொருள் சேர்த்தவரையே அதற்குக் காவல் வைத்தார்கள்!), 1938இல் லண்டனுக்குத் தூதராகச் சென்றார். அப்போது அமெரிக்காவில் முறையான வெளியுறவுப் பணி நன்றாக வேரூன்றியிருந்தது. இந்தியாவிலோ வெளியுறவுப் பணி 1946இல்தான் தொடங்கப்பட்டது என்பதால், மூத்த தூதர்களை அதற்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்க நேருவுக்கு வழியிருக்கவில்லை. மாஸ்கோவுக்கு 1947இல் விஜயலட்சுமி பண்டிட்டும் 1949இல் ராதாகிருஷ்ணனும் சென்றது அதனால்தான். சுப்பராயனும் அந்த வரிசையில் வருபவரே. 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர், பின்னர் ராஜாஜி, ஓமந்தூரார் ஆகிய இருவரின் அமைச்சரவைகளிலும் உறுப்பினர் என்ற அனுபவத்துடன்தான் அவர் கப்பலேறினார்.

பதில்: கோவை நூலகன்

ஈரோட்டு நண்பர் செல்வத்தை மிக எளிதாகத் தள்ளிவிடுகிறார். 1926 தேர்தலில் முதலிடம் பெற்ற சுயராஜ்யக் கட்சி பதவியேற்க மறுத்து, நீதிக்கட்சியும் முன்வராத நிலையில், கட்சி சாராத சுப்பராயனை ஆளுநர் கோஷன் அழைத்தார். சொத்துள்ளவர்களுக்கே வாக்குரிமை இருந்த அக்காலத்தில், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஒரு ஜமீன்தாருக்குக் கிடைத்த அழைப்பு, அதே அறிவுடைய ஒரு குடியானவரின் மகனுக்குக் கிடைத்திருக்குமா? தூதர் பதவியை அவர் விலை கொடுத்து வாங்கவில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே கொண்டுசேர்த்த ஏணியின் முதற்படி ஜமீன்தான்.

பதில்: நாமக்கல் ஆசிரியர்

ஏணி எதுவாயினும், ஏறியபின் என்ன நடந்தது என்பதையும் பார்க்கவேண்டும். இந்தோனேசியாவுக்கு டச்சுக்காரர்கள் இறையாண்மையை ஒப்படைத்தது 1949 டிசம்பர் 27ஆம் நாள். அடுத்த மாதமே சுகர்ணோ நமது முதல் குடியரசு நாள் விழாவுக்கு விருந்தினராக வந்தார். 1950 ஜூனில் நேரு அங்கே சென்றார். 1951 மார்ச்சில் இரு நாடுகளின் நட்புறவு உடன்படிக்கை ஜகார்த்தாவில் கையெழுத்தானது. இவை அனைத்தையும் ஒரு தூதர் மட்டுமே நிகழ்த்தினார் என்று சொல்ல மாட்டேன். நேருவின் ஆர்வமே முதற்காரணம். ஆயினும் அது வெறும் விருந்துபசாரத்துக்கான பதவியாக இருக்கவில்லை. மேலும், போர் குறித்த கருத்து வேறுபாட்டால் 1940இல் லண்டனை விட்டு விலகிய கென்னடியின் அரசியல் ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிட்டது. சுப்பராயனோ திரும்பிவந்து, 1957இல் திருச்செங்கோடு தொகுதியில் வென்று, மத்திய அமைச்சராகி, 1962இல் மகாராஷ்டிர ஆளுநராக இருக்கும்போது காலமானார். ஊரில் ஜகார்த்தா பேசப்படாததற்கு, அதற்கு முன்னும் பின்னும் அவர் வகித்த பதவிகள் இத்தனை என்பதே காரணமாக இருக்கலாம்.