கிராம்ப்ஸில் பிறப்பு, இறப்புச் சான்றுகளைச் சோர்ஸாகக் காட்டுவது எப்படி?

அம்பை_வம்சாவளி
வணக்கம். குடும்ப வம்சாவளியைக் கிராம்ப்ஸ் மென்பொருளில் பதிந்து வருகிறேன். கையில் நாற்பது சான்றுகளுக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி சோர்ஸ் (ஆதாரம்) போட்டதில் பட்டியல் நீண்டு, எதையும் தேடி எடுக்க முடியவில்லை. சோர்ஸ் என்பது சான்றா, பதிவேடா? இன்னொன்று: 1962 மார்ச்சில் இறந்த தாத்தாவின் சான்றில் வயது 68 என்று இருக்கிறது. ஜாதகத்திலோ விஜய வருஷம், கொல்லம் ஆண்டு 1069, மார்கழி 20. பிறந்த நாளுக்கு எதைக் காட்டுவது?

பாளை_பதிவேடு
பதிவேடுதான் சோர்ஸ், அண்ணாச்சி. உங்கள் தாத்தாவின் பதிவு அதில் ஒரு வரி. அந்த வரிதான் சைட்டேஷன். "இன்ன கிராமம், இறப்புப் பதிவேடு, 1962" என்று ஒரே சோர்ஸ் போதும். அந்த ஊரில் அந்த ஆண்டு இறந்த எல்லாருக்கும் அதன் கீழேயே சைட்டேஷன் சேர்த்துக்கொண்டே போகலாம். நாற்பது சோர்ஸ் பத்துப் பன்னிரண்டாகச் சுருங்கிவிடும். பதிவேட்டை வைத்திருக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தையோ மாநகராட்சியையோ ரெப்போசிட்டரியாக (ஆதாரம் இருக்கும் இடமாக) போடுங்கள்.

சைட்டேஷனில் வால்யூம்/பேஜ் கட்டத்தில் இப்படி எழுதலாம்: "பதிவு எண் 43/1962, பார்த்தது 2019-இல் வழங்கிய சான்று, மூலப் பதிவேடு பார்க்கவில்லை." பின்பாதியை விட்டுவிடாதீர்கள். சான்று என்பது பதிவேட்டிலிருந்து யாரோ படித்துத் தட்டச்சு செய்தது. பழைய கையெழுத்தில் 1-ம் 7-ம் ஒன்றுபோலத் தெரியும், சுடலையாண்டி சுடலாண்டியாகிவிடுவார். பின்னால் வருகிறவருக்குப் பிழை எங்கே நுழைந்திருக்கும் என்று தெரிய வேண்டும். தேதிக் கட்டத்தில் இறந்த நாளைப் போடாதீர்கள். அது பதிவு செய்த நாளுக்கான இடம்.

வயது 68 என்பது வீட்டார் சொன்னதை எழுதியது. இறந்த நாளுக்கு அந்தப் பதிவு நல்ல ஆதாரம், கான்ஃபிடன்ஸ் (நம்பகத் தரம்) 'ஹை' வைக்கலாம். பிறந்த ஆண்டுக்கு அதே சைட்டேஷனைப் பகிர்ந்தால் அங்கேயும் 'ஹை'தான் ஒட்டிக்கொள்ளும். அதனால் அதே சோர்ஸின் கீழ் இரண்டாவதாக ஒரு சைட்டேஷன் உருவாக்கி 'லோ' கொடுங்கள். தேதியை 'கால்குலேட்டட்' (கணக்கிட்டது) என்று வைத்து, 1893 மார்ச்சுக்கும் 1894 மார்ச்சுக்கும் இடையில் என்று போடுங்கள்.

இறப்புக்கான காரணத்துக்கு இந்தச் சான்றைக் காட்டவே கூடாது. 1969 பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வழங்கும் நகலில் காரணம் இடம்பெறாது. மாரடைப்பு என்று வீட்டில் சொன்னால், சொன்னவர் பெயரும் சொன்ன நாளுமாகத் தனி சோர்ஸ் போடுங்கள்.

செங்கோட்டை_சாரல்
கொல்லம் ஆண்டில் தவறு நடப்பது மார்கழியில்தான். நம் பக்கம் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆங்கில ஆண்டு வர, கொல்லம் ஆண்டோடு ஆவணி முதல் டிசம்பர் 31 வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரி 1 முதல் 825. மார்கழி இரண்டு ஆங்கில ஆண்டிலும் கால் வைக்கிற மாதம். மார்கழி 20 என்றால் ஜனவரி பிறந்துவிட்டது; ஆக 1069 + 825 = 1894, ஜனவரி தொடக்கம். கண்ணை மூடிக்கொண்டு 824 கூட்டினால் ஒரு வருஷம் மூப்பாகிவிடும். விஜய வருஷம் 1893 சித்திரையில் தொடங்கி 1894 பங்குனியில் முடிகிறது, அதுவும் பொருந்துகிறது. சான்றில் உள்ள 68 வயதும் சரியாக வருகிறது.

கிராம்ப்ஸில் கொல்லம் நாட்காட்டி கிடையாது. மாற்றிய ஆங்கிலத் தேதியை நிகழ்வில் போட்டு, ஜாதகத்தில் உள்ள வரியை எழுத்து மாறாமல் சைட்டேஷனின் குறிப்பில் ஏற்றுங்கள். ஒரு நாள் வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம். ஜாதகத்துக்கு நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. செவ்வாய் விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளை அதில் திங்கள் கணக்கு, பதிவேட்டில் செவ்வாய். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், எதையும் திருத்தாதீர்கள்.

ஊர்ப் பெயரிலும் கவனம் வேண்டும். தென்காசி 2019 நவம்பர் 22 முதல்தான் தனி மாவட்டம், தூத்துக்குடி 1986-இல் பிரிந்தது. செங்கோட்டை 1956 நவம்பர் 1-க்கு முன் சென்னை மாநிலத்திலேயே இல்லை, திருவிதாங்கூர்ப் பக்கம். இட விவரத்தில் 'என்க்ளோஸ்டு பை' (எதற்குள் அடங்கியது) பகுதியில் தேதியோடு பழைய, புது இரண்டு மாவட்டத்தையும் சேர்க்கலாம். பழைய நிகழ்வைப் புது மாவட்டத்தில் போட வேண்டியதில்லை.

அம்பை_வம்சாவளி
தெளிவாகிவிட்டது, நன்றி. அப்பா பிறந்த பதிவு எங்கள் ஊரில் இல்லை என்றே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதையும் சோர்ஸாக ஏற்றலாமா?

பாளை_பதிவேடு
கட்டாயம் ஏற்றுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தேடினார்கள் என்பதைச் சைட்டேஷனில் எழுதுங்கள். அதற்குமேல், மூத்த பிள்ளையா என்று பாருங்கள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே? பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவாகும், அப்பாவின் ஊரில் அல்ல. ஆச்சியின் பிறந்த ஊரில் கேளுங்கள். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பதிவு பாளையங்கோட்டை நகராட்சியில் இருக்கும். அது 1994-இல் திருநெல்வேலி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. பெயர் போட்டுத் தேடச் சொல்லாதீர்கள். பெயர் வைக்கும் முன்பே பதிந்ததால் பல பதிவுகளில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். தகப்பனார் பெயர், தாயார் பெயர், ஆண்டு இந்த மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

மேலப்பாளையம்_தறி
ஒன்று சேர்க்கிறேன். கெட்காம் கோப்பாக (வம்சாவளி மென்பொருள்கள் தகவல் பரிமாறும் பொது வடிவம்) வெளியே எடுக்கும்போது, ஐந்து கான்ஃபிடன்ஸ் தரங்களில் 'நார்மல்' எழுதப்படாது, மற்ற நான்கும்தான் போகும். சான்றின் வாசகத்தைச் சாதாரணக் குறிப்பாக வைக்காமல் 'சோர்ஸ் டெக்ஸ்ட்' வகையில் வையுங்கள். அப்போதுதான் அது சைட்டேஷனின் வாசகமாகவே மற்ற மென்பொருளுக்குப் போகும். ஸ்கேன் படத்தை ஆளோடு இணைக்காமல் சைட்டேஷனோடு இணையுங்கள்.